ரசீதில்லாத வரி

வரி வாங்குகிறவன் ரசீது கொடுக்க வேண்டுமென்பது எந்தச் சாஸ்திரத்திலும் எழுதி வைக்க அவசியமில்லாத நியாயம். கிஸ்தி கட்டிய குடியானவனுக்கு ரசீது உண்டு என்பதை அந்நிய சர்க்கார்கூட ஒப்புக்கொண்டிருந்தது. சுதந்தர இந்தியாவில், சேலம், நாமக்கல் ஜில்லாக்களிலுள்ள ஆயிரக்கணக்கான சிறு ஒப்பந்தக்காரர்களின் கூலியிலிருந்து வரி பிடிக்கப்படுகிறது; பிடித்ததற்கு அத்தாட்சியோ, வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை என்ற நிலையில் இருக்கிறது. இது ஏதோ கணக்குப்பிள்ளைகளின் சில்லறைத் தொல்லை என்று அலட்சியம் செய்யத்தக்க விஷயமன்று. பிரஜைக்கும் சர்க்காருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலின் நாணயமே இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 194சி என்ற பிரிவு 1972-ல் புகுத்தப்பட்டது. ஒப்பந்த வேலைக்குப் பணம் கொடுக்கும் கம்பெனிகளும் பெரிய வியாபாரிகளும், கொடுக்கும்போதே ஒரு பகுதியை வரியாகப் பிடித்துக்கொண்டு சர்க்கார் கஜானாவில் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேலோ, வருஷம் முழுவதும் சேர்த்து 1,00,000 ரூபாய்க்கு மேலோ போனால், தனி நபருக்கு நூற்றுக்கு 1, மற்றவர்களுக்கு நூற்றுக்கு 2 என்பது விகிதம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 26கியூ என்ற கணக்கைத் தாக்கல் செய்து, பிறகு 16ஏ என்ற அத்தாட்சியை ஒப்பந்தக்காரரிடம் கொடுக்க வேண்டும். அந்த அத்தாட்சியில் கண்ட தொகையைக் கழித்துக்கொண்டுதான் அவர் தம் வருஷ வரியைக் கட்டுவார். அதிகம் பிடித்திருந்தால் திரும்பப் பெறுவார்.

இந்த ஏற்பாட்டை நாம் ஆட்சேபிக்கவில்லை. வரியின்றி ராஜ்யம் நடவாது. 1937 அக்டோபர் 1-ந் தேதி ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரி சபை மதுவிலக்கை முதன் முதலில் அமல் நடத்தியது நமது சேலம் ஜில்லாவில்தான். அன்று நாமக்கல்லும் இந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. கள்ளு வருமானம் போன இடத்தை நிரப்ப 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. நல்ல காரியத்துக்காக வரி கொடுப்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. கொடுத்த வரி கொடுத்தவன் பெயரில் ஏறவேண்டும் என்பதுதான் கேள்வி.

அது ஏன் ஏறுவதில்லை? முன்னாளில் பணம் கொடுக்கும் காரியாலயமே தன் கணக்கிலிருந்து அத்தாட்சியை அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. 2011-ல் கம்பெனிகளுக்கும் பாங்குகளுக்கும், 2012 ஏப்ரல் 1 முதல் மற்ற எல்லோருக்குமாக, வரி இலாகாவின் இணையதளத்திலிருந்து தனி எண்ணுடன் இறக்கிய அத்தாட்சியே செல்லும் என்று விதித்தார்கள். விதி நல்லதே. ஆனால் அநேகக் காரியாலயங்களில் கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்று. தாக்கல் செய்யுமுன் சோதிக்கும் கருவி இன்னொன்று. அத்தாட்சியை வழங்கும் ‘டிரேசஸ்’ தளம் மூன்றாவது. அங்கிருந்து வரும் கட்டை அச்சிடத்தக்க உருவுக்கு மாற்றும் கருவி நான்காவது. இந்த நாலு வாசற்படிகளில் எதில் இடறினாலும் அத்தாட்சி வெளிவராது. வந்தாலும் பிழையோடு வரும்.

பிறர் குற்றத்தைப் பேசுமுன் நம் வீட்டுக் குற்றத்தைச் சொல்லிக்கொள்வது முறை. நமது பத்திரிகைக் கட்டுகளை ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர் மார்க்கமாகக் கொண்டுபோகும் வண்டிக்காரர் ஒருவருக்கு இருப்பது ஒரே வண்டி. பத்து அல்லது அதற்குக் குறைந்த சரக்கு வண்டிகளை உடையவர் தமது பான் எண்ணையும் ஓர் உறுதிமொழியையும் கொடுத்தால், வரியே பிடிக்க வேண்டாம். கணக்கில் மட்டும் காட்டினால் போதும் என்பது 2015 ஜூன் 1 முதல் உள்ள விதி. அவர் உறுதிமொழியை ஒழுங்காகக் கொடுத்திருந்தார். நமது குமாஸ்தா கணக்கு மென்பொருளில் அதற்குரிய குறியை இட மறந்தார். மென்பொருள் மாதா மாதம் வரியைப் பிடித்தது. பான் எண்ணின் பத்து எழுத்துகளில் ஒன்று மாறியதால், பிடித்த வரி முன்பின் அறியாத யாரோ ஒருவர் பெயரில் போய் விழுந்தது. மென்பொருளே அச்சிட்ட ஒரு காகிதத்தை அவரிடம் கொடுத்து, நாம் கடமையை முடித்ததாக நிம்மதியாயிருந்தோம். தனி எண் இல்லாத அந்தக் காகிதத்துக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை. சட்டம் படித்தவர்களான நமக்கே அவர் வந்து சொன்ன பிறகுதான் இது தெரிந்தது. திருத்தக் கணக்குத் தாக்கல் செய்து நேர்செய்தோம். ஆனால் அவர் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு நமது காரியாலயத் திண்ணையில் காத்திருந்ததை எந்தத் திருத்தக் கணக்கில் சேர்ப்பது?

ஒரு வண்டிக்காரருக்கு நேர்ந்தது இந்தச் சமவெளி முழுவதற்கும் நேரக்கூடியது. நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்கள், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிக்காரர்கள், பள்ளிபாளையம், குமாரபாளையம், தாரமங்கலம் பக்கத்தில் பிறர் கொடுக்கும் நூலைக் கூலிக்கு நெய்து கொடுக்கும் விசைத்தறிக்காரர்கள் ஆகிய இவர்களே நமது பொருளாதாரத்தின் முதுகெலும்பு. மாதம் 60,000 ரூபாய்க் கூலி பெறும் ஒரு தறிக்காரரை எடுத்துக்கொள்வோம். ஒழுங்காகப் பிடித்தால் மாதம் 600 ரூபாய். அவருடைய பான் ஆதாரோடு இணைக்கப்படாமல் செயலிழந்திருந்தால் விகிதம் நூற்றுக்கு 20. மாதம் 12,000 ரூபாய். வருஷத்துக்கு 1,44,000 ரூபாய்! இணைக்காத பான்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தன. தகப்பனார் பெயரின் தலையெழுத்தை ஒரு தஸ்தாவேஜில் முன்னும் இன்னொன்றில் விரித்தும் எழுதும் தமிழ் வழக்கமே இரண்டு பெயர்களையும் பொருந்தாமற் செய்துவிடுகிறது. பெயரில் ஓரெழுத்து பேதப்பட்டதற்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பில் ஐந்திலொரு பங்கு நின்றுபோவது நியாயமா?

அமெரிக்காவிலும் சிறு கம்பெனிகள் ஜனவரி மாதந்தோறும் இதே போன்ற அவஸ்தைப்படுகின்றன. அங்கே 1099 என்ற பாரம். மென்பொருளில் ஒப்பந்தக்காரர் என்று குறியிடாதவர் பட்டியலில் வருவதில்லை. அச்சிட்டாலோ எழுத்து கட்டத்துக்கு வெளியே விழுகிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். அங்கே சாதாரணமாக ஒப்பந்தக்காரரிடம் வரி பிடிப்பதில்லை. கொடுத்த தொகையை அறிவிப்பதோடு சரி. பாரம் தவறினாலும் பணம் அவர் கையில் இருக்கிறது. இங்கே பணம் முதலில் போய்விடுகிறது. காகிதம் பின்னால் வரவேண்டும். ஆகையால் அங்கே குமாஸ்தாவின் தலைவலியாக இருப்பது, இங்கே உழைப்பாளியின் நஷ்டமாகிறது.

“26ஏஎஸ் என்ற வரிக் கணக்கை எவரும் இணையதளத்தில் தாமே பார்த்துக்கொள்ளலாமே?” என்று இலாகாவினர் கேட்கலாம். பார்க்கலாம், வாஸ்தவம். ஆனால் பார்த்தவர் என்ன செய்ய முடியும்? பிழையைத் திருத்தும் உரிமை பணம் கொடுத்தவருக்கே உண்டு; பறிகொடுத்தவருக்கு இல்லை. அத்தாட்சி கொடாதவருக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்று 2022-ல் உயர்த்தினார்கள். அந்த அபராதமும் சர்க்காருக்கே போகிறது. நஷ்டப்பட்டவருக்குக் காலணா இல்லை. பிடித்த வரியை மறுபடி உழைப்பாளியிடமே கேட்கக் கூடாது என்று 1961-ம் வருஷத்துச் சட்டத்தின் 205-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அத்தகைய பாக்கிகளைப் பலவந்தமாக வசூலிக்க வேண்டாமென்று மத்திய நேர் வரி போர்டும் 2015 ஜூன் 1-ந் தேதி தன் அதிகாரிகளுக்கு எழுதியது. இருந்தும் கணக்கில் ஏறாத தொகைக்குக் கம்ப்யூட்டர் தானாகவே பாக்கிச் சீட்டு அனுப்புகிறது. சட்டம் ஒரு பக்கம், யந்திரம் ஒரு பக்கமாக நின்றால், ஏழை எதற்குத் தலை வணங்குவது?

இத்தருணத்தில் இதை எழுதக் காரணம் உண்டு. 2025-ல் பார்லிமெண்டு புதிய வருமான வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. அமலுக்கு வரும் நாளாக அச்சட்டமே 2026 ஏப்ரல் 1-ஐக் குறித்திருக்கிறது. சிதறிக் கிடந்த பிடித்த விதிகளை 393-வது பிரிவில் ஒன்றாகத் திரட்டியதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் பிரிவு எண் மாறும்போதெல்லாம் ஊரூராக உள்ள கணக்கு மென்பொருள்களும் மாறியாக வேண்டும். மாறும் காலமே பிழைகள் மலியும் காலம். அதே சட்டம் திருத்தக் கணக்குக் கொடுக்கும் தவணையை வருஷ முடிவிலிருந்து இரண்டு வருஷமாகச் சுருக்கியும் விட்டது. பிழை மலியும் வேளையில் திருத்தும் வழியை ஒடுக்குவது விவேகமாகாது.

ஆகவே சர்க்காருக்கு மூன்று யோசனைகள் கூறுகிறோம். முதலாவது, மூன்று மாதக் கணக்கு ஏற்கப்பட்டவுடனே, பணம் கொடுத்தவரை எதிர்பாராமல், இலாகாவே அத்தாட்சியை உழைப்பாளியின் கைப்பேசிக்குத் தமிழில் அனுப்பட்டும். இரண்டாவது, பிழையைக் குறித்துப் புகார் செய்யும் உரிமையை அவருக்கே அளித்து, பாங்குக் கணக்கையும் பில்லையும் ஆதாரமாக ஏற்று, பிடித்தவரிடம் இலாகாவே விளக்கம் கேட்கட்டும். அதுவரை பாக்கிச் சீட்டு அனுப்பலாகாது. மூன்றாவது, அத்தாட்சி தவறியதற்கு வசூலாகும் அபராதத்தில் ஒரு பங்கு நஷ்டப்பட்டவரைச் சேரட்டும்.

நம்மவர் செய்ய வேண்டியதும் உண்டு. வியாபாரிகள், மென்பொருள் சொன்னதே வேதம் என்றிராமல், உறுதிமொழிச் சீட்டையும் பான் எண்ணையும் ஒரு தடவை கண்ணால் ஒத்துப் பார்க்க வேண்டும். லாரி உரிமையாளர், விசைத்தறிச் சங்கங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு நாள் ஒதுக்கி, அங்கத்தினரின் வரிக் கணக்கைப் படித்துச் சொல்ல வேண்டும். கட்சி வேலை செய்யும் வாலிபர்களுக்கு இதைவிட மேலான தேச சேவை எது?

1961 சட்டத்தின் விதிகளின்படி, ஏப்ரல் முதல் ஜூன் வரை பிடித்த வரிக்கு அத்தாட்சி கொடுக்கக் கடைசித் தேதி எது தெரியுமா? ஆகஸ்டு 15. கொடியேற்றி மிட்டாய் வழங்கும் அந்தத் தினத்துக்குள், இந்தச் சீமையில் எத்தனை காரியாலயங்கள் தங்களிடம் உழைத்தவனுக்கு அந்த ஒரு காகிதத்தைக் கொடுத்திருக்கும்? வரும் வருஷம் நமது காரியாலயம் கொடுத்துவிட்டே கொடியேற்றும். மற்றவர்களும் அவ்விதமே செய்வார்களென நம்புகிறோம்.