தலையிடிக்கும் ஒரு நாட்காட்டி உண்டு



அன்புச் சகோதரிகளே, ஒற்றைத் தலையிடிக்கு அரபு மொழியில் 'ஷகீகா' என்று பெயர். 'ஷிக்' என்றால் பாதி, ஒரு பக்கம். தலையில் ஒரு பாதியைப் பிடித்துக்கொள்வதால் அந்தப் பெயர் வந்தது. கிரேக்கர்களும் அரைத்தலை என்ற பொருளில்தான் இதற்குப் பெயர் வைத்தார்கள். இன்று வைத்தியர்கள் சொல்லும் 'மைக்ரேன்' அந்தச் சொல்லின் தேய்ந்த வடிவம். மத்ரஸாவில் இந்தச் சொல்லைப் படித்துக் கொடுக்கும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். ஒரு தாய் தந்தைக்குப் பிறந்த கூடப்பிறந்த சகோதரியையும் அரபில் 'ஷகீகா' என்றுதான் சொல்வார்கள். சிரித்தாலும், பொருத்தம் இல்லாமல் இல்லை. பருவமடையும் வரை ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இந்நோய் ஏறக்குறைய சமமாகவே வருகிறது. அதன் பிறகு ஆண் ஒருவருக்கு வந்தால் பெண்கள் 3 பேருக்கு வருகிறது.

தலையிடியைப் பற்றி எழுத மௌலவிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நான் வைத்தியன் அல்லன். ஆனால் ஓதிப் பார்க்கும்படி தண்ணீர்ப் போத்தலோடு வருபவர்களில் கணிசமானோர் மனைவியின் தலையிடிக்காகத்தான் வருகிறார்கள். ரமழானில் எங்களிடம் வரும் கேள்விகளிலும் இது தவறாமல் இருக்கும். "கண்ணூறாக இருக்குமோ, ஹஸ்ரத்?" என்று கேட்பார்கள். கண்ணூறு உண்மை என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மாதா மாதம் ஏறக்குறைய அதே கணக்கில் வந்து, மூன்று நாள் இருந்துவிட்டுப் போகும் ஒன்றைக் கண்ணூறு என்று சொல்லுமுன் நாட்காட்டியைப் பார்க்க வேண்டாமா?

பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டரோன் என்று இரண்டு ஹோர்மோன்கள் மாதந்தோறும் ஏறி இறங்குகின்றன. கரு தங்காத மாதத்தில், மாதவிடாய் தொடங்கச் சற்று முன்பு இரண்டும் சரேலென்று குறைந்துவிடும். தலையிடியைக் கிளப்புவது இதில் எது? அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த சமர்வில் என்ற நரம்பியல் வைத்தியர் 1972இல் இதைச் சோதித்து எழுதினார். மாதவிடாய்க்கு முன் தலையிடி வரும் பெண்களுக்கு ஈஸ்ட்ரஜன் ஊசி போட்டபோது இரத்தம் உரிய நாளில் வந்தது, தலையிடி பிந்தியது. புரொஜெஸ்டரோன் கொடுத்தபோது இரத்தம் பிந்தியது. தலையிடி தன் நாளிலேயே வந்துவிட்டது. ஆகவே ஈஸ்ட்ரஜன் குறைவாக இருப்பதல்ல, உயர்ந்திருந்து பின் விழுவதே குற்றவாளி என்று தெரிந்தது. பெர்லின் நகரத்து ஆய்வாளர்கள் 2023இல் இன்னொரு படி போனார்கள். தலையிடியில் வலியைக் கடத்தும் 'சி.ஜி.ஆர்.பி.' என்ற புரதம் ஒன்று உண்டு. இந்நோயுள்ள பெண்களுக்கு மாதவிடாய் நாட்களில் அது மற்றப் பெண்களைவிட அதிகமாக இருப்பதை அவர்கள் கண்டார்கள்.

இதை இவ்வளவு விரித்து எழுதக் காரணம் இருக்கிறது. "வேலைக்குச் சாட்டு" என்றும், "நினைத்தால் வரும், நினைத்தால் போகும்" என்றும் நம் வீடுகளில் இந்தத் தலையிடியைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். மாமி சொல்வார், மதினி சொல்வார், சில வேளை கணவனும் சொல்வார். இரத்தத்திலே அளந்து பார்க்கக்கூடிய ஒன்றுக்குச் சாட்டு என்று பெயர் வைப்பது அநியாயம். நபி (ஸல்) அவர்கள் இஹ்ராம் நிலையில் இருந்தபோதே ஒற்றைத் தலையிடிக்காகத் தலையில் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் அறிவிப்பு இருக்கிறது. அவர்களையே வருத்திய நோய் இது. அதற்குச் சிகிச்சை செய்துகொண்டார்கள் என்பதும் நம் கவனத்துக்குரியது.

மாதவிடாயோடு சேர்ந்த தலையிடி என்று வைத்தியர்கள் எதைச் சொல்கிறார்கள்? இரத்தம் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, தொடங்கி மூன்றாவது நாள் வரையுள்ள அந்த இடைவெளியில் வர வேண்டும். மூன்று மாதங்களில் குறைந்தது இரண்டு மாதமாவது அப்படி வர வேண்டும். தலையில் விண் விண்ணென்று தெறிப்பு, குமட்டல், சத்தி, வெளிச்சமும் சத்தமும் ஆகாமை ஆகியவை இதன் அடையாளங்கள். மற்ற நாட்களில் வரும் தலையிடியைவிட இது நீண்டு நிற்கும். குளிசைக்கும் எளிதில் அடங்காது.

இதைக் கண்டுபிடிக்கத் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. வைத்தியருக்கு வேண்டியது திகதிகள். மற்றச் சமூகத்துப் பெண்களிடம் "எழுதி வாருங்கள்" என்று வைத்தியர் கெஞ்ச வேண்டியிருக்கும். நமது பெண்களோ தொழுகைக்காகவும் நோன்புக்காகவும் ஹைழுடைய நாளை ஏற்கெனவே கணக்கில் வைத்திருப்பவர்கள். குறைந்தது ஒரு பகலும் இரவும், கூடியது 15 நாள், வழமையாக ஆறு அல்லது ஏழு நாள் என்று ஷாபிஈ மத்ஹபின் பாடத்தைச் சிறு வயதிலேயே படித்தவர்கள். தன்னுடைய 'ஆதத்'தை, அதாவது வழமையை, ஒரு பெண் அறிந்திருக்க வேண்டும் என்பது மார்க்கம் சொன்னது. பாதி வேலை முடிந்திருக்கிறது. குசினிச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஹைழ் நாளுக்கு ஒரு புள்ளடி, தலையிடித்த நாளுக்கு வேறு நிறத்தில் ஒரு புள்ளடி, குளிசை போட்டால் அதன் கீழே ஒரு கோடு. மூன்று மாதம் செய்யுங்கள். வெட்கமாக இருந்தால் நாட்காட்டி வேண்டாம், கொப்பி ஒன்றில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு சகோதரர் போத்தலோடு வந்தபோது நான் தண்ணீரில் ஓதிக் கொடுத்துவிட்டு இந்தக் கணக்கையும் சொல்லி அனுப்பினேன். நாலு மாதம் கழித்து அவர் மட்டும் வந்தார், போத்தல் இல்லை. மனைவிக்கு எந்த நாளில் வரும் என்று இப்போது தனக்கே தெரியும் என்றார். அந்த இரண்டு நாளும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்துவது தன் பொறுப்பு என்றும் சொன்னார்.

இனி நோன்பு. சிக்கல் எங்கே வருகிறது என்று பாருங்கள். ஹைழ் வந்துவிட்டால் நோன்பு இல்லை, குளிசை போடலாம், படுக்கலாம். ஆனால் ஈஸ்ட்ரஜன் விழுவது இரத்தம் வருமுன். அந்த இரண்டு நாளும் அவள் சுத்தமாக இருக்கிறாள், நோன்போடு இருக்கிறாள், தலை வெடிக்கிறது, தண்ணீரும் குடிக்க முடியாது. நமது நாட்டில் நோன்பு நேரம் 13 மணித்தியாலத்துக்கு மேல். ஏற்கெனவே ஆறேழு நோன்பு கழாவாகப் போகிறது, இன்னும் இரண்டைக் கூட்டுவதா என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்கள் உண்டு.

சட்டம் இதுதான். நோயாளி நோன்பை விட்டு வேறு நாட்களில் நோற்கலாம் என்ற சலுகை குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்திலேயே இருக்கிறது. இலேசான தலையிடிக்கு அந்தச் சலுகை இல்லை. தாங்க முடியாத வலி, அல்லது நோன்பினால் நோய் கடுமையாகும், நீளும் என்ற நிலை இருந்தால் உண்டு. அதை நம்பிக்கையான வைத்தியர் சொல்லலாம். தன் அனுபவத்தில் அவளே அறிந்தும் இருக்கலாம். வருடக்கணக்காக இந்த வலியைச் சுமக்கும் ஒருத்திக்கு, வரப்போவது எது என்று மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். அப்படி விட்ட நோன்பை அடுத்த ரமழானுக்கு முன் கழாச் செய்துவிட வேண்டும். காரணமின்றிப் பிற்படுத்தினால் நமது மத்ஹபில் கழாவோடு நாளொன்றுக்கு ஒரு முத்து உணவு பித்யாவும் சேரும்.

சத்தியைப் பற்றியும் கேட்கிறார்கள். தானாக வந்த சத்தியால் நோன்பு முறியாது. ஆனால் எடுத்துவிட்டால் தலை லேசாகும் என்று விரலை விட்டு வரவழைக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அதனால் முறிந்துவிடும்.

நோன்பு பிடிக்க முடிந்த அளவு பிடிப்பதற்கும் வழி இருக்கிறது. ரமழானுக்கு ஒரு கிழமை முன்பிருந்தே தேநீரையும் கோப்பியையும் படிப்படியாகக் குறையுங்கள். நாளுக்கு ஐந்தாறு கோப்பை குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் அதுவே தலையிடியைக் கொண்டு வரும். சஹரைத் தவறவிடாதீர்கள். தூக்கத்தைப் பற்றி நான் எழுதத் தயங்குகிறேன், ஏனென்றால் சஹருக்குச் சமைப்பவளும், எல்லோரையும் எழுப்புபவளும், பாத்திரம் கழுவிவிட்டுக் கடைசியில் படுப்பவளும் அவள்தான். "நன்றாகத் தூங்குங்கள்" என்ற அறிவுரையை அவளுக்கு அல்ல, வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். மாதவிடாய் ஒழுங்காக வருபவர்களுக்கு, இரண்டு நாள் முன்பிருந்து ஐந்தாறு நாட்களுக்கு மட்டும் போடும் வகையில் வைத்தியர்கள் குளிசை எழுதிக் கொடுப்பதுண்டு. நீண்ட நேரம் வேலை செய்யும் குளிசையானால் சஹரோடும் இஃப்தாரோடும் போட்டுக்கொள்ளலாம். இதற்கும் நாட்காட்டி தேவை.

குளிசை என்றதும் ஓர் எச்சரிக்கை. பனடோல் நமது வீடுகளில் மிட்டாய் மாதிரி ஆகிவிட்டது. வலி தொடங்கியவுடன் சரியான அளவில் போட்டால் வேலை செய்யும். மூன்று மணித்தியாலம் பொறுத்து, வயிறு குமட்டத் தொடங்கிய பின் போட்டால் அது வயிற்றிலேயே கிடக்கும். ஆனால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலிக் குளிசை போடுகிறவருக்கு அந்தக் குளிசையே தலையிடியைக் கொடுக்கத் தொடங்கும். கொடீன் கலந்த குளிசைகளுக்கு 10 நாளே போதும். கோடு போட்டு எண்ணச் சொன்னது இதற்காகத்தான். எண்ணிக்கை அந்த அளவை நெருங்கினால் பாமசிக்காரரிடம் போகாமல் வைத்தியரிடம் போங்கள். வலி வராமலே தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் சில ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது, சில வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கானவை. எனவே இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மறைக்கக் கூடாத இன்னொன்று இருக்கிறது. தலையிடிக்கு முன் சிலருக்குக் கண்ணில் வளைவு வளைவாக மின்னும் கோடுகள் தெரியும், பார்வையில் ஒரு துண்டு மறையும், கை விரலிலும் வாயோரத்திலும் விறைப்பு ஊரும். ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை நின்று மறையும். இதை 'ஓரா' என்கிறார்கள். இந்த அடையாளம் உள்ள பெண் ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடைக் குளிசையை எந்த வயதிலும் எடுக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பாரிசவாதம் வரும் ஆபத்து கூடும் என்பதே காரணம். இளம் பெண்களுக்கு அது அரிது; அரிதென்று அதை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. லூப் போன்ற ஈஸ்ட்ரஜன் இல்லாத வழிகள் இருக்கின்றன, மிட்வைஃபிடம் கேட்கலாம்.

பிள்ளை வேண்டாம் என்று குளிசை எடுப்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகுமுன், ரமழான் முழுவதும் பிடிக்க ஆசைப்பட்டு, மாதவிடாயைப் பிற்படுத்தக் குளிசை வாங்குகிறார்களே, அவர்களும் கவனிக்க வேண்டும். உடலுக்குத் தீங்கில்லை என்ற நிபந்தனையோடுதான் உலமாக்கள் அதற்கு அனுமதி சொல்கிறார்கள். தீங்கு உண்டா இல்லையா என்பது உங்கள் தலையிடியைக் கேட்டறிந்த வைத்தியருக்குத்தான் தெரியும். பயணத்துக்கு ஒரு கிழமை முன்பு, கூட வரும் ராத்தாவிடமிருந்து இரண்டு அட்டை வாங்கிக்கொண்டு போவது சரியல்ல. ஹஜ்ஜில் ஹைழ் வந்தாலும் அரபாவிலும் மினாவிலும் எதுவும் தடையில்லை. தவாபுக்கு மட்டும் சுத்தமாகும் வரை காத்திருக்க வேண்டும்.

கர்ப்பமானால் ஈஸ்ட்ரஜன் உயர்ந்து, விழாமல் நிற்பதால், நான்காம் மாதத்திலிருந்து பலருக்கு இந்தத் தலையிடி விலகி நிற்கும். பிள்ளை பிறந்ததும் ஹோர்மோன் ஒரேயடியாக இறங்கும், தூக்கமும் போய்விடும், தலையிடி திரும்பிவிடும். "தலைக்கு வார்த்ததால் சளி இறங்கிவிட்டது" என்று உம்மாமார் காயம் இடித்துக் கொடுப்பார்கள், கொடுக்கட்டும். ஆனால் கர்ப்பத்தின் பிற்பகுதியிலோ பிள்ளை பெற்ற வீட்டிலோ, முன் ஒருபோதும் இல்லாத கடும் தலையிடி, கண்ணில் பொறி, முகத்தில் வீக்கம் என்று வந்தால் அதை ஒற்றைத் தலையிடி என்று எண்ணி அறையை இருட்டாக்கிப் படுக்க வைக்காதீர்கள். பிரஷர் ஏறியிருக்கலாம். அன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். திடீரென்று இடி விழுந்தது போல் வரும் தலையிடிக்கும், காய்ச்சலோடு கழுத்து விறைப்பதற்கும், ஒரு கை கால் சோர்வதற்கும், பேச்சுக் குழறுவதற்கும் இதே பதில்தான்.

நாற்பதைத் தாண்டிய சகோதரிகளுக்கு மாதவிடாய் தாறுமாறாகும் சில வருடங்களில் தலையிடியும் தாறுமாறாகும். நாட்காட்டிக் கணக்கு அப்போது அவ்வளவாக உதவாது. 35 வயதைக் கடந்தவர்களுக்கு அரசாங்கம் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்கில் பிரஷரும் சீனியும் பார்க்கிறார்கள், போனால் தலையிடியையும் சொல்லிவையுங்கள். மாதவிடாய் அடியோடு நின்ற பின் பெரும்பாலானோருக்கு இந்த நோய் தணிந்துவிடுகிறது. ஆனால் வாழ்நாளில் தலையிடியே அறியாத ஒருவருக்கு 50க்கு மேல் புதிதாக ஒன்று தொடங்கினால், அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.