பாலில் யூரியாவைத் தேடுறோம், பூஞ்சை நஞ்சைக் கோட்டை விடுறோம்

1) "டாக்டர், பாக்கெட் பால்ல யூரியா கலக்கிறாங்களாமே, குழந்தைக்குக் கொடுக்கலாமா?" டெல்டா பக்கம் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற எனக்கு ஓபியில் அடிக்கடி வர்ற கேள்வி. பயம் நியாயம்தான். ஆனா நாம தப்பான ஆளைப் பார்த்து பயப்படுறோம். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2) 2017-ல் அப்போதைய பால்வளத் துறை அமைச்சர் ராஜேந்திர பாலாஜி, தனியார் பாலில் ரசாயனம் கலக்கிறாங்கன்னு சொன்னது ஞாபகம் இருக்கா? விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அன்னைக்கு ஆரம்பிச்ச ஃபார்மலின் பயம் இன்னும் வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டுதான் இருக்கு.

3) அடுத்த வருஷமே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதிச்சாங்க. முடிவு 2019 அக்டோபரில் வந்தது. கலப்படம்னு பிடிபட்டது மொத்தமே 12 மாதிரி. அதில் தமிழ்நாட்டு மாதிரி ஒண்ணுகூட இல்லை.

4) அப்பாடான்னு மூச்சு விடாதீங்க. அதே ஆய்வில் 368 மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்1 வரம்பைத் தாண்டி இருந்தது. மாநில வாரியா முதல் இடம் யாருக்கு? நமக்குத்தான். தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88. கிட்டத்தட்ட ஆறுக்கு ஒண்ணு. இதைப் பத்தி எத்தனை டிவி விவாதம் பார்த்தீங்க?

5) அஃப்ளடாக்சின்னா என்ன? ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் மாதிரியான பூஞ்சைகள் உண்டாக்குற நஞ்சு. ஈரம் போகாத கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் இதிலெல்லாம் வரும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிகள் செத்துப் போச்சு. காரணத்தைத் தேடினப்போ தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்னது. அப்படித்தான் இந்த நஞ்சையே கண்டுபிடிச்சாங்க.

6) மாடு அந்தத் தீவனத்தைத் தின்னா, பி1 என்கிற நஞ்சு அதோட கல்லீரலில் எம்1 ஆக மாறி பாலில் இறங்கும். யாரும் கலக்க வேண்டியதில்லை, தானா வருது. காய்ச்சினாலும் போகாது, பாஸ்சரைஸ் பண்ணினாலும் போகாது. "நாங்க பாக்கெட் வாங்குறதில்லை, கறந்த பால்தான்" என்பதும் கவசம் இல்லை. நாட்டு மாடா ஜெர்சியா என்பதைவிட, அது என்ன தின்னுச்சு என்பதுதான் கேள்வி.

7) எவ்வளவு இருந்தா ஆபத்து? இந்தியாவில் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். அதாவது 1 கிராம் நஞ்சை 20 லட்சம் லிட்டர் பாலில் கரைச்சா அந்த அளவு வந்துரும். ஐரோப்பாவில் வரம்பு இன்னும் பத்து மடங்கு கடுமை: 0.05.

8) மருத்துவரா ஒண்ணைத் தெளிவா சொல்லிடுறேன். ஒரு டம்ளர் பாலில் யாருக்கும் கேன்சர் வராது. பிள்ளைகளுக்குப் பாலை நிறுத்திடாதீங்க. எம்1, பி1 அளவுக்கு வீரியமானதும் இல்லை. பிரச்சினை, வருஷக்கணக்கா தினமும் உள்ளே போறது. அஃப்ளடாக்சின்கள் கல்லீரல் புற்றுநோயைத் தூண்டும் என்பது உறுதியான விஷயம். ஹெபடைடிஸ் பி இருக்கிறவங்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு. உடல் எடையோடு ஒப்பிட்டா அதிகமா பால் குடிக்கிறது குழந்தைகள்.

9) இது இந்தியாவுக்குப் புதுசும் இல்லை. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடி கிராமங்களில் மழையில் நனைஞ்சு பூஞ்சை பிடிச்ச மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 106 பேர் மஞ்சள் காமாலையில் செத்தாங்க. பஞ்சத்தில் இருந்த ஜனங்களுக்கு அதை விட்டா வேற தானியம் இல்லை.

10) இப்போ நம்ம ஊருக்கு வாங்க. குறுவை அறுப்பும் மழையும் ஒண்ணா வர்ற பூமி இது. "மனுஷன் தின்ன லாயக்கில்லை, மாட்டுக்குப் போடு" என்பது நம்ம வீடுகளில் சாதாரணப் பேச்சு. பூசணம் பூத்த புண்ணாக்கு, நனைஞ்சு கட்டியான தவிடு, முளைவிட்ட தானியம் எல்லாம் தொட்டிக்குத்தான் போகும். அப்படிக் கழிச்சதில் கொஞ்சம் மறுநாள் காலையில் நம்ம காபி டம்ளருக்கே திரும்பி வருது.

11) இதைக் கண்டுபிடிக்க வழி என்ன? தஞ்சாவூர்லயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கு. நல்ல விஷயம். ஆனா 2006 சட்டப்படி பகுப்பாய்வாளர் அறிக்கை கொடுக்க 14 நாள் அவகாசம். பாக்கெட் பாலோட ஆயுசு ரெண்டு நாள். அறிக்கை வரும்போது அந்தப் பால் தயிராகி, மோராகி, நம்ம வயித்துக்குள்ள போய் ரெண்டு வாரம் ஆயிருக்கும்.

12) இங்கேதான் பயோசென்சர், அதாவது உயிர் உணரி வருது. பெரிய மந்திரம் ஒண்ணும் இல்லை. வீட்டில் சுகர் பார்க்கிற குளுக்கோமீட்டர் ஒரு பயோசென்சர்தான். ஒரு என்சைமோ ஆன்டிபாடியோ குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பிடிக்கும். பிடிச்சதை மின் அளவாவோ நிறமாவோ காட்டும். அஃப்ளடாக்சினுக்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரி ஸ்ட்ரிப் இருக்கு. சில சொட்டுப் பால், சில நிமிஷம். ஆனா பெரும்பாலான ஸ்ட்ரிப்பில் கணக்கு தலைகீழ்: நஞ்சு கூடக் கூட கோடு மங்கும்.

13) ஆராய்ச்சிக்கும் பஞ்சமில்லை. கர்னால் தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனம் பாக்டீரியா ஸ்போர்களை வச்சே எம்1 கண்டுபிடிக்கிற முறையில் வேலை பார்த்திருக்கு. சென்னை ஐஐடி 30 நொடியில் சோதிக்கிற காகிதக் கருவி ஒண்ணைச் செஞ்சது. ஆனா அது தேடுறது யூரியா, சோப்பு, ஸ்டார்ச் மாதிரி கலப்படங்களை. பாராட்டுறேன். எம்1-க்கு அது உதவாது.

14) "ஸ்ட்ரிப் தப்பா காட்டினா?" காட்டலாம். டெங்குவுக்கும் எச்ஐவிக்கும் நாங்க முதலில் கார்டு டெஸ்ட் பண்ணி, அப்புறம்தான் லேபில் உறுதி செய்றோம். கார்டு நூறு சதவீதம் இல்லைன்னு தூக்கி எறியறோமா? இதுவும் அதே வரிசைதான்: முதலில் சலிப்பு, பிறகு உறுதி.

15) "செலவு?" வீட்டுக்கு வீடு வாங்கச் சொல்லலை. கிராமத்துப் பால் எல்லாம் சேர்ற குளிர்விப்பு நிலையத்தில், 5,000 லிட்டர் டேங்குக்கு ஒரு ஸ்ட்ரிப். லிட்டருக்குப் பிரிச்சா அதை ஒரு செலவுன்னே சொல்ல முடியாது. கொழுப்புக்கும் இதர சத்துக்கும் தினமும் அளந்துதானே காசு கொடுக்கிறீங்க? நஞ்சை அளக்க மட்டும் ஏன் தயக்கம்?

16) ஆனா ஒரு எச்சரிக்கை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத மீட்டர் 17-ஐத் தாண்டினா என்ன நடக்கும்னு டெல்டாக்காரனுக்குத் தெரியும். மூட்டையோட ரோட்டில் காத்துக் கிடக்கிறது விவசாயி. பாலுக்கு வர்ற கருவியும் ரெண்டு மாடு வச்சிருக்கிற அக்காவைத் திருப்பி அனுப்புற இன்னொரு மீட்டரா ஆகிடக் கூடாது. தீவனத்தைக் காசு கொடுத்து வாங்கினவங்க அவங்க. மாட்டுத் தீவனத்தில் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாதுன்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. மூட்டையைத் தயாரிச்சு வித்தவரைத்தான் முதலில் சோதிக்கணும்.

17) நல்ல சேதி: கெட்ட தீவனத்தை நிறுத்தினா சில நாளில் பால் சுத்தமாயிடும். மாட்டை விக்க வேண்டாம், சங்கத்தை மூட வேண்டாம். எங்கே, எப்போன்னு தெரிஞ்சாப் போதும். அதனால்தான் 14 நாள் அறிக்கை உதவாது, பத்து நிமிஷ ஸ்ட்ரிப் உதவும்.

18) கேட்க வேண்டியது மூணு. ஒண்ணு, ஆவினும் தனியாரும் ஒவ்வொரு குளிர்விப்பு நிலையத்திலும் எம்1 சோதிக்கணும், முடிவை மாவட்ட வாரியா வெளியிடணும். ரெண்டு, தீவன மூட்டைகளுக்கு மழைக்காலத்தில் கட்டாயச் சோதனை. மூணு, பால் நிராகரிக்கப்பட்டா உற்பத்தியாளருக்கு இழப்பீடும் மாற்றுத் தீவனமும்.

19) மாடு வச்சிருக்கிறவங்களுக்கு: புண்ணாக்கு மூட்டையைத் தரையில் போடாதீங்க, பலகை மேல அடுக்குங்க. பூசண வாடை வந்தா காயவச்சுப் போடலாம்னு நினைக்காதீங்க, நஞ்சு வெயிலை நம்பிப் போகாது. பால் வாங்குறவங்களுக்கு: அடுத்த முறை "யூரியா இருக்கா?"ன்னு கேட்கிற இடத்தில், "எம்1 சோதிச்சீங்களா?"ன்னு கேளுங்க. நிறைய பேர் கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும். சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டூட்டி முடிச்சு வந்து பதில் போடுறேன்.