பியூகிளுக்கு சல்யூட், பறைக்குத் தீட்டா?

ஆகஸ்ட் 15 வந்தால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் டிரம் முழங்கும், பியூகிள் ஊதும். சீருடையில் வரும் பேண்டு குழுவுக்கு ஊரே கைதட்டும். அதே ஊரில் பறை அடிப்பவர் சாவு வீட்டுத் தெருவோடு நிற்க வேண்டும். இரண்டும் கொட்டுதானே தோழர்களே?

தோல்தான் தீட்டு என்கிறார்களா? பிளாஸ்டிக் வருமுன் ராணுவ டிரம்முக்குப் போர்த்தியதும் கன்றுத்தோல்தான். செய்யும் வேலை இழிவா? பட்டாளத்தானை எழுப்பவும் அணி திரட்டவும் சோற்றுக்கு அழைக்கவும் ஊதப்பட்டது பியூகிள். பறையும் ஊருக்குச் சேதி சொன்ன கருவி. திணைதோறும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்தே சொல்கிறது தொல்காப்பியம். ஆக, தீட்டு கருவியில் இல்லை. அடிக்கும் கைக்குச் சாதி பார்க்கும் மூளையில் இருக்கிறது.

பேண்டு வாத்தியம் நமக்கு அந்நியமும் அல்ல. 1930 மார்ச் 2 அன்று நாசிக் காலாராம் கோயிலை நோக்கி அம்பேத்கர் தலைமையில் கிளம்பிய ஊர்வலத்தின் முன்னால் சென்றவர்கள் பட்டாளத்து மெட்டு வாசிக்கத் தெரிந்த இசைக்குழுவினர். அடுத்து சாரணர்கள், அவர்களுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பெண்கள். கோயில் கதவு அடைத்துக் கிடந்தது. அடங்கி ஒடுங்கி வருவார்கள் என்று நினைத்தவர்கள் முன் கொட்டு முழக்கத்தோடு நிமிர்ந்து வந்தார்கள்.

"இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்" என்று பறையைக் கீழே வைத்த நம் பெரியவர்கள் மறுத்தது இசையை அல்ல, சாதி சுமத்திய ஊழியத்தை. அந்த மறுப்புதான் பறையை விடுதலை இசையாக்கியது. 2025இல் மதுரை வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. சரி, எத்தனை பள்ளி அணிவகுப்பில் பறைக்கு இடம் கிடைத்தது?

நாங்குநேரி கொடூரத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்த்த கையில் அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் கொடுங்கள். ஆனால் பறை என்றதும் சேரிப் பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டால், அது பழைய ஊழியத்துக்கு மாட்டிய புதுச் சீருடை. ஆண், பெண், எந்தத் தெரு என்று பாராமல் எல்லோரும் முறை வைத்துப் பறை பழகட்டும், பியூகிள் ஊதட்டும். விருப்பமில்லை என்று சொல்லும் உரிமையும் எல்லோருக்கும் இருக்கட்டும்.

உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இதைக் கேளுங்கள். "எங்கள் பிள்ளை பறை தொடுவதா?" என்று எவர் எழுந்தாலும், தீட்டு எங்கே இருக்கிறது என்று அந்தக் கூட்டத்துக்கே தெரிந்துவிடும்.