அயல்மண்ணில் பயிற்சி

விளையாட்டு வீரர் ஒருவரைப் பயிற்சிக்காக அயல்நாட்டுக்கு அனுப்பும்போது, பயிற்றுநர் யார், ஓடுதளம் எத்தகையது, கருவிகள் எவை என்பனவே முதலில் ஆராயப்படுகின்றன. காலையில் அவர் எதை உண்பார், இரவில் எப்போது உறங்குவார், கடைக்காரரிடம் எம்மொழியில் பேசுவார் என்பன சிறு செய்திகளாகக் கருதப்படுகின்றன. அவை சிறியன அல்ல. நாள்தோறும் பயிற்சிக்குச் செல்வது ஐந்தாறு மணிநேரமே. எஞ்சிய நேரமெல்லாம் அவர் வாழ்வது அந்த அயல்மண்ணில்தான்.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மகளிர் 400 மீட்டர் தடையோட்டம் முதன்முறையாக இடம்பெற்றது. கேரளத்தின் பி.டி. உஷா 55.42 நொடியில் ஓடி முடித்தார். வெண்கலம் வென்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41 நொடி. நூறில் ஒரு நொடியில் பதக்கம் கைநழுவியது. அங்கு அமெரிக்க உணவே கிடைக்கும் என்பதை எவரும் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்றும், அரிசிக் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும் உண்டு போட்டியில் இறங்க நேர்ந்தது என்றும், ஓட்டத்தின் இறுதிப் பகுதியில் ஆற்றல் குன்றியது என்றும் உஷா பல்லாண்டுகளுக்குப் பின் கூறியுள்ளார்.

அதே ஓட்டத்தில் 54.61 நொடியில் தங்கம் வென்ற நவால் எல் முத்தவக்கல் மொராக்கோ நாட்டவர். அவருக்கும் அமெரிக்கா அயல்நாடே. ஆயினும், அவர் முன்னரே அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அங்கேயே பயின்றும் பயிற்சி பெற்றும் வந்தவர். காசாபிளாங்காவின் கடற்காற்றில் வளர்ந்தவருக்கு அயோவாவின் பனிக்காலம் எத்துணை வியப்பளித்திருக்கும்! போட்டி நாள் வருமுன் அவ்வியப்பு பழகிப்போயிருக்கும். தங்கத்துக்கு இதுவே காரணம் என்று கூறுதல் மிகை. ஆனால், ஓட்டக் கோட்டில் நின்ற இருவருள் ஒருவருக்குப் புதிதாக இருந்த நாடு மற்றவருக்குப் புதிதன்று என்பதை மறுக்கவியலாது.

உணவைப் போலவே ஒளியும் வியப்பளிக்கும். ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ரா 2022 ஜூன் மாதத்தில் பின்லாந்தின் குவோர்தானே என்னும் ஊரில் பயிற்சி பெற்றார். அம்மாதத்தில் அங்கு இரவு பத்தரை மணிக்கும் பகல் நீடிக்கும். கதிரவன் மறைந்த பின்னும் வானம் முற்றிலும் இருள்வதில்லை. நான்கு மணிக்குள் மீண்டும் விடிந்துவிடும். அரியானாவில் மாலை முடிந்ததும் இருளைக் கண்டு பழகிய உடல், உறங்குவதற்கான குறிப்பை எங்கிருந்து பெறும்? அவ்விடத்தில் கனத்த திரைச்சீலையும் ஒரு பயிற்சிக் கருவியே.

கென்யாவின் ஈட்டென் நகரம் இவ்வகையில் தனித்துக் கருதத்தக்கது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2400 மீட்டர் உயரத்தில் அமைந்த இச்சிற்றூருக்கு உலகெங்கிலுமிருந்து நெடுந்தொலைவு ஓட்டக்காரர்கள் வருகின்றனர்; பிரிட்டனின் மோ ஃபராவும் அங்குப் பயிற்சி பெற்றவர்தான். அங்குள்ள காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் நான்கில் மூன்று பங்களவே. எனவே, வந்த முதல்நாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அடுத்த வியப்பு கடிகாரத்தால் நேரும். ஸ்வாகிலி மொழியில் நேரத்தைக் கதிரவன் எழுவதிலிருந்து எண்ணுவர். காலை ஏழு மணி அவர்களுக்கு ‘ஒரு மணி’. ஆறு மணியோ ‘பன்னிரண்டு மணி’. விடியலிலிருந்து நாழிகை கணக்கிட்ட தமிழர் மரபை அறிந்தோர்க்கு இது விந்தையாகத் தோன்றாது. மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்யும் உகாலியும் அத்தகையதே. களி உண்டு பழகியவர் அதைக் கீரையோடு மகிழ்ந்து உண்பார். எல்லாவற்றினும் பெரிய வியப்பு வேகத்தைப் பற்றியது. உலகின் முன்னணி ஓட்டக்காரர்கள், கடும்பயிற்சிக்கு அடுத்த நாள், செம்மண் சாலையில் புதியவரும் உடன் வரத்தக்க அளவுக்கு மெல்ல ஓடுகின்றனர். ஒவ்வொரு நாளும் முழு மூச்சாக ஓட வேண்டும் என்று எண்ணி வந்தவர்க்கு, எந்தப் பயிற்சி நூலும் இவ்வளவு விரைவாக இதைக் கற்பித்திருக்க இயலாது.

இதனால், இவ்வியப்புகளை அறவே நீக்கிவிட வேண்டும் என்னும் கருத்து பொருந்தாது. சமையற்காரரையும் மொழிபெயர்ப்பாளரையும் உடன் அனுப்பி, அயல்நாட்டிலும் ஒரு சிறு இந்தியாவை அமைத்துத் தந்தால், வீரர் அந்நாட்டிலிருந்து பெறுவது ஓடுதளம் மட்டுமே. அதற்கு மாறாக, “வீரர் என்றால் எதையும் தாங்க வேண்டும்” என்று கைவிடுவதும் முறையன்று. மகாராட்டிரத்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்த அவினாஷ் சாப்ளே, படைவீரராகச் சியாச்சின் பனிமலையில் பணியாற்றியவர். பின்னர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பயிற்சி பெற்றார். அவருக்கு வாய்த்த மனத்திண்மையை, வீட்டை விட்டு முதன்முறை பிரியும் பதினேழு வயதுச் சிறுமியிடம் எதிர்பார்த்தல் அறமாகாது.

அயல்நாட்டுப் பயிற்சிக்கு நடுவண் அரசு 2014 முதல் ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டத்தின் வாயிலாகப் பொருளுதவி செய்து வருகிறது. அச்செலவோடு ஒப்பிட, செய்ய வேண்டியன மிக எளியன. போட்டிக்கு முந்தைய நாள்களில் அன்றி, சில கிழமைகள் முன்னரே வீரர் அந்நாட்டை அடைதல் வேண்டும். முதல் வாரத்தைப் பழகுவதற்கென ஒதுக்கி, அவ்வாரத்தில் நேரத்தையும் தொலைவையும் அளவாது விடுதல் நலம். நலம் வினவவும், விலை கேட்கவும், வலிக்கும் இடத்தைச் சொல்லவும் போதுமான அயல்மொழிச் சொற்களைப் புறப்படுமுன்பே கற்பிக்கலாம். திரும்பி வரும் ஒவ்வொருவரும், அரிசி எங்கே கிடைக்கும், இரவு எப்போது இருளும், எந்தச் சாலையில் நாய்கள் துரத்தும் என்று இரண்டு பக்கம் எழுதித் தந்தால், ஈட்டெனுக்கு அடுத்துச் செல்பவர், பன்னிரண்டு மணி ஓட்டத்துக்கு அழைக்கப்பட்டு, நண்பகலில் தனியே போய் நிற்க மாட்டார்.