திருச்சிக்கு நாலு மணி நேரம்தானா?

சிப்பாங் விமான நிலையத்திலிருந்து திருச்சி, நேர்கோட்டில் ஏறக்குறைய 2,690 கிலோமீட்டர். சென்னை அதைவிடச் சுமார் 60 கிலோமீட்டர் கிட்டத்தில் இருக்கிறது. விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் பறப்பதாக வைத்துக்கொண்டால், திருச்சிக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். ஓடுபாதைக்கு நகர்வது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் சேர்ந்தால் நான்கு மணி நேரம் என்பது சரியான கணக்குதான்.

ஆனால், வயதானவர்களை அழைத்துப் போகும்போது இந்தக் கணக்கு போதாது.

பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்தவர் என் பெரியம்மா. தம் அப்பா பிறந்த மண்ணைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஊர் துறையூர்ப் பக்கம். லயத்து வாசலிலிருந்து அந்த ஊர் வாசல் வரை கணக்குப் போட்டுப் பார்த்தேன். விமான நிலையத்துக்குக் காரில் இரண்டு மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். வானில் நான்கு. திருச்சியில் குடிநுழைவுச் சோதனை, பெட்டி எடுப்பது என்று ஒன்று. அங்கிருந்து சாலையில் ஒன்றரை. ஆக மொத்தம் பதினொன்றரை மணி நேரம்!

கடிகாரமும் நம்மை ஏமாற்றும். காலை 10 மணிக்குக் கிளம்பினால் அங்கே 11.30-க்கு இறங்குவதாகப் பயணச்சீட்டில் இருக்கும். இந்திய நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால் இருப்பதே காரணம். இனிப்புநீர் நோயாளிகளுக்கு இது விளையாட்டல்ல. உணவும் ஊசியும் எந்த நேரப்படி என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் பயணச்சீட்டு எடுக்கும்போதே சொல்லுங்கள். விமானத்தில் அவ்வப்போது எழுந்து நாலடி நடக்கச் செய்யுங்கள்.

பெரியம்மாவின் அப்பா நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். கடலில் மட்டும் ஏறக்குறைய ஒரு வாரம். 1973-இல் ரஜூலா ஓய்ந்தது. பின் வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1985-இல் தீப்பிடித்ததோடு நின்றது. தோட்டக் கூலியில் கப்பல் காசு சேர்ப்பதற்குள் பலருக்கு ஊரில் தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெரியம்மாவின் அப்பாவும் தம் தாயை மறுபடி பார்க்கவே இல்லை.

இன்று அதே தூரம் ஒரு பகல் பொழுதுக்குள் அடங்கிவிடுகிறது. "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எழுபத்தெட்டு வயது முழங்காலுக்கு அடுத்த வருஷம் என்பது வெகுதூரம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவர் படியேறும் காலத்திலேயே அழைத்துப் போய் வாருங்கள்.