தெருவில் ஆடிய சாம்பியன்!

'காசு இல்ல, சிபாரிசு இல்ல... நாமெல்லாம் எங்க சாதிக்கிறது?'னு கேன்டீன்ல உட்கார்ந்து புலம்புற பார்ட்டியா நீங்க? அப்போ ஆல்தியா கிப்ஸனைத் தெரிஞ்சுக்குங்க.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்த கறுப்பினப் பெண். தெருவில் மரமட்டையை வைத்து ஆடியதுதான் ஆரம்பம். திறமையைப் பார்த்த அக்கம்பக்கத்துக்காரர்கள், காசு வசூல் பண்ணி டென்னிஸ் கிளப்பில் சேர்த்துவிட்டார்கள்.

ஆனால், அமெரிக்க தேசிய டென்னிஸ் போட்டியின் கதவு கறுப்பர்களுக்கு மூடியே கிடந்தது. 1950-ல் முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள், டென்னிஸ் பத்திரிகை ஒன்றில் இந்த அநியாயத்தைப் போட்டு உடைத்தார். அவர் வெள்ளைக்காரர்! அதே வருஷம் ஆல்தியா உள்ளே நுழைந்தார்.

1956-ல் பிரெஞ்சு பட்டம். கிராண்ட்ஸ்லாம் வென்ற முதல் கறுப்பர் அவர்தான். 1957-ல் விம்பிள்டன், கோப்பையைக் கொடுத்தது எலிசபெத் ராணி. பரிசுப்பணம்? சல்லிக்காசு கிடையாது. அமெச்சூர் காலம் அது. அசரவில்லை ஆல்தியா. பிறகு கோல்ஃப் பக்கம் போய், 1964-ல் பெண்கள் தொழில்முறைப் போட்டிகளிலும் முதல் கறுப்பினப் பெண்ணாகக் கால் பதித்தார்.

எதைச் சாதித்தாலும் அதில் யாரோ ஒருவரின் உதவி இருக்கும் என்பது ஆல்தியாவின் அனுபவ மொழி.

ஸோ, உங்க கிளாஸ்ல ஃபீஸ் கட்ட முடியாம யாராவது தவிச்சா, வசூலை ஆரம்பிங்க. திறமை இருந்தும் டீம்ல ஒருத்தரை ஒதுக்கினா, எழுந்து நின்னு கேளுங்க. ஆலிஸ் மார்பிள் ஆகறதுக்கு டென்னிஸ் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல!