அட்டவணையில் ஓதம், ஆற்றில் வேறு

அடையாறு உடைந்த பாலத்துப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலோடு வரும் கல்லூரிப் பையன்கள் இப்போதெல்லாம் செல்போனில் ஓத அட்டவணை பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். காலை 7 மணிக்கு உயர் ஓதம் என்று போட்டிருந்தால் சரியாக 7 மணிக்கு இறாலைக் கோத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒன்றும் கடிக்காது. "இந்தச் சாக்கடையில மீன் எங்கடா இருக்கு" என்று அலுத்துக்கொண்டு அவர்கள் கிளம்பும் நேரத்தில், வீச்சுவலையோடு குப்பத்துப் பெரியவர் யாராவது நிதானமாக இறங்குவார். அவர் கையில் அட்டவணை இருக்காது. மடவை இருக்கும்!

அட்டவணை பொய் சொல்லவில்லை. அது துறைமுகத்துக்காகப் போட்டது, ஆற்றுக்காக அல்ல. மேலும் அது தண்ணீரின் உயரத்தைத்தான் சொல்கிறது, ஓட்டத்தை அல்ல. மீன் பிடிக்கிறவனுக்கு வேண்டியது ஓட்டம்.

பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் கடலோரத்துக்குச் சரி. நிலா இழுக்கிறது, சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை கடல் ஏறி இறங்குகிறது, ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேகம் அதிகம், அஷ்டமியை ஒட்டிக் குறைவு. சென்னையில் அமாவாசை ஓதத்துக்கே ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். (கொல்கத்தாவின் ஹூக்ளி நதிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.)

ஆனால் குறுகலான வாய் வழியாக அந்தத் தண்ணீர் ஆற்றுக்குள் நுழையும்போது கதை மாறிவிடுகிறது. கடல் உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பித்த பிறகும், உள்ளே ஆற்று மட்டம் கடலைவிடத் தாழ்ந்திருக்கிறது. அதனால் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். இரண்டு மட்டமும் சமமாகும்போதுதான் ஓட்டம் நின்று திரும்பும். வற்றத்திலும் இதே கதைதான். கடல் மறுபடி ஏறத் தொடங்கியிருக்கும், ஆறு இன்னும் வடிந்துகொண்டிருக்கும். போதாததற்கு மேலேயிருந்து வரும் ஆற்றுத் தண்ணீரும் சேர்வதால், வற்றம் ஏற்றத்தைவிட நீளமாக இருக்கும். இந்தத் தாமதம் எவ்வளவு? அந்த வாரம் முகத்துவாரம் எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை எந்த அட்டவணையிலும் அச்சடிக்க முடியாது. பாலத்தூணில் ஒதுங்கும் நுரையையும் மிதந்து போகும் ஆகாயத்தாமரையையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதிலும் ஒரு ஏமாற்று உண்டு. உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் புகுந்து வரும். மேலே தக்கை கடலைப் பார்த்துப் போகும்போதே, கீழே ஈயக்குண்டு மேற்கே நகர்ந்துகொண்டிருக்கும். மேல்தண்ணீரை மட்டும் பார்த்து "இன்னும் வத்தம்தான்" என்று உட்கார்ந்திருப்பவன் ஏற்றத்தின் முதல் அரை மணியை இழந்துவிடுவான்.

ஏற்றத்தில் மடவைகள் சேற்றுத்திட்டுகளின் மேல் ஏறி மேய்கின்றன. வற்றத்தில் சின்ன இறாலும் குஞ்சு மீனும் வாய்க்கால் வழியாக இறங்கிவர, கொடுவா தூணின் மறைவில் ஓட்டத்தைப் பார்த்தபடி காத்திருக்கும். ஓட்டம் நின்ற நேரத்தில் இந்த இரண்டுமே நடக்காது. பையன்கள் தேர்ந்தெடுத்து உட்காருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இதெல்லாம் முகத்துவாரம் திறந்திருந்தால்தான். கோடையில் அலைகள் கரையோரமாக மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கின்றன. அதை வெளியே தள்ளுவது வற்றத்தின் வேகம். வற்றத்துக்கு வேகம் எங்கிருந்து வருகிறது? ஏற்றத்தில் உள்ளே போய்த் தங்கிய தண்ணீரிலிருந்து. உள்ளே இடம் அதிகமிருந்தால் தண்ணீர் அதிகம், அடித்துக்கொண்டு வெளியேறும் வேகமும் அதிகம். குயிபிள் தீவைச் சுற்றியிருந்த கழியையும் சேற்றுத்திட்டுகளையும் மண் கொட்டி நிரப்பிக் கட்டடம் எழுப்பியபோது போனது வெறும் சதுப்பு நிலம் அல்ல. மணலைப் பெருக்கித் தள்ளிய துடைப்பத்தில் பாதியைப் பிடுங்கிவிட்டோம். 2011-ல் திறந்த தொல்காப்பியப் பூங்கா அதில் கொஞ்சத்தை மீட்டது, அவ்வளவுதான்.

மழைக்காலத்துக்கு முன் பொக்லைன் வைத்து வாயைத் தோண்டுகிறார்கள். வெள்ளம் வடிய வேண்டும், தவறில்லை. ஆனால் மடவையும் இறாலும் முட்டையிடுவது கடலில், அவற்றின் குஞ்சுகள் வளர வருவது கழிக்குள். கோடையில் மாதக்கணக்கில் கதவை மூடி வைத்துவிட்டு அக்டோபரில் மட்டும் திறந்தால், சீனிவாசபுரத்து வலைக்கு என்ன கிடைக்கும்? தேங்கிய சாக்கடையில் காற்றில்லாமல் செத்து மிதக்கும் மீன்கள்தான். கல்லைக் கொட்டி நிரந்தரத் தடுப்புச்சுவர் கட்டலாமே என்பார்கள். துறைமுகச் சுவர் மணலை மறித்த பிறகு ராயபுரத்துக்கு வடக்கே கடல் எத்தனை தெருக்களைத் தின்றது என்று அங்கேயுள்ள பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். சுவரைவிட முதலில் வேண்டியது, மிச்சமிருக்கும் சேற்றுத்திட்டுகளில் இனி ஒரு லாரி மண்கூட விழாமல் இருப்பது.

சித்திரையில் வாய் மூடிக் கிடக்கும் ஒரு நாளில் பாலத்தடியில் தக்கையைப் போட்டுப் பார்க்கலாம். போட்ட இடத்திலேயே நிற்கும். செல்போன் அன்றைக்கும் இரண்டு உயர் ஓதம் காட்டும்.